பட்டாவில் எழுதிய பெயர்: என்.ஜி. ரங்காவைச் செட்டிநாட்டிலிருந்து பார்த்தால்

காரைக்குடியில் சா. கணேசன் என்று சொன்னால் கம்பன் திருநாள் நினைவுக்கு வரும். 1939-ல் அவர் தொடங்கிய கம்பன் கழகமும், பின்னாளில் அவர் முயற்சியில் எழுந்த தமிழ்த்தாய் கோயிலும் கண்முன் நிற்கும். 'கம்பன் அடிப்பொடி' என்று ஊர் கொண்டாடிய அந்த மனிதர் தேர்தலில் நின்று வென்றவர் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1962-ல் காரைக்குடித் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. காங்கிரஸ் 139 இடங்களும் தி.மு.க. 50 இடங்களும் வென்ற தேர்தல் அது. சென்னை மாநிலம் முழுவதிலும் சுதந்திராக் கட்சிக்குக் கிடைத்தவை ஆறே இடங்கள். அந்த ஆறில் ஒன்று நம்முடையது.

சுதந்திராக் கட்சி என்றால் தமிழ்நாட்டில் ராஜாஜி என்றே பொருள். கட்சியின் மூளை அவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1959-ல் கட்சி பிறந்த நாள் முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அதன் தலைவராக இருந்தவர் வேறொருவர். குண்டூர்ச் சீமையில் நிடுப்ரோலு என்ற ஊரில், உழவுக் குடும்பத்தில், 1900 நவம்பர் 7 அன்று பிறந்த கோகினேனி ரங்கநாயகுலு. நாடு அறிந்த பெயர் என்.ஜி. ரங்கா. வெள்ளையர் காலத்து மத்திய சட்டசபையில் 1930களில் உட்கார்ந்தவர், 1991-ல் ஒன்பதாவது மக்களவை கலையும்போதும் உறுப்பினராக இருந்தார். ஐம்பது ஆண்டு நாடாளுமன்றப் பணிக்காகக் கின்னஸ் புத்தகத்திலும் அவர் பெயர் ஏறியது.

அவர் வாழ்க்கையை மேலோட்டமாகப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். காங்கிரஸில் இருந்தார். வெளியேறிக் கிருஷிகார் லோக் கட்சி தொடங்கினார். மறுபடி காங்கிரஸ். பிறகு சுதந்திரா. கடைசியில் மீண்டும் காங்கிரஸ். ஜமீன்களை எதிர்த்துச் சிறை சென்றவர், பின்னாளில் மகாராஜாக்கள் சேர்ந்த கட்சிக்குத் தலைமை தாங்கினார். இதைக் கட்சித் தாவல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. கட்சிக் கொடிகளை விட்டுவிட்டு, நிலப் பட்டாவில் யார் பெயர் இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தொடர்ந்து போனால், கோடு பெரும்பாலும் நேராகவே போகிறது. அவர் எதைப் பார்க்கத் தவறினார் என்பதும் அதே கோட்டில்தான் தெரிகிறது.

நிடுப்ரோலு கிருஷ்ணா டெல்டாவைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அணை எழும்பி, வாய்க்கால்கள் வெட்டப்பட்டபின் நெல்லால் செழித்த பூமி. அங்கே ரயத்துவாரி முறை. அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் எவரும் இல்லை. பட்டா உழவன் பெயரில் இருக்கும், வரியை அவனே நேராகக் கட்டுவான். அரசு வரியை உயர்த்தினால் அடியும் நேராக அவன் முதுகில் விழும். அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு நிலம் என்பது தன் பெயர், தன் கையெழுத்து, தன் வரப்பு.

செட்டிநாட்டின் கதை அதுவன்று. சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களின் ஆளுகையில் கிடந்த வானம் பார்த்த பூமி இது. ஆறு என்று சொல்லிக்கொள்ள ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் புஞ்சையில் கேழ்வரகோ வரகோ. விளைச்சலில் ஜமீனுக்குப் போவது மேல்வாரம், உழுதவனுக்கு மிஞ்சுவது குடிவாரம். மேல்வாரம் வாங்குகிறவரே கண்மாய்க் கரையையும் மடையையும் கலுங்கையும் பேண வேண்டும் என்பது முறை. அந்த முறை பல ஊர்களில் மேல்வாரம் வாங்கும் நாளோடு முடிந்துபோனது. உடைந்த கரையை ஊரார் கூடி அடைத்தார்கள்.

இந்த இரண்டு முறைகளையும் அறிந்தவர் ரங்கா. குண்டூரில் படித்து, ஆக்ஸ்போர்டில் பொருளாதாரப் பட்டம் பெற்று, 1920களின் பிற்பகுதியில் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். 'ஆச்சார்ய' ரங்கா என்று ஆந்திரம் அழைத்தது அதனால்தான். 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டு வேலையை விட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நெல்லூர்ப் பக்கத்து வெங்கடகிரி ஜமீனின் குடியானவர்களுக்காகக் கிளர்ச்சி நடத்திச் சிறை சென்றார். சொந்த ஊரான நிடுப்ரோலுவில் விவசாயிகளுக்கென்றே ஒரு பள்ளி நடத்தினார். உழவனுக்கு வரிக் கணக்கும் சட்டமும் அரசியலும் கற்றுக்கொடுக்கும் பள்ளி. பேராசிரியர் வகுப்பறையை விட்டுவிடவில்லை, மாணவர்களை மட்டும் மாற்றிக்கொண்டார்.

1935-ல் தென்னிந்திய விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் சம்மேளனம் உருவானபோது ரங்கா பொதுச்செயலாளர். இணைச் செயலாளராக இருந்தவர் பின்னாளில் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட். மறு ஆண்டு லக்னோவில் அகில இந்திய கிசான் சபை தொடங்கியது. பீகாரின் சுவாமி சகஜானந்த சரஸ்வதி தலைவர், ரங்கா பொதுச்செயலாளர். பின்னர் கம்யூனிஸ்டுகளும் ரங்காவும் பிரிந்தார்கள். நிலம் உழுகிறவனுக்கே என்ற முழக்கத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. கிடைத்த நிலத்தை அவன் கையில் விட்டுவைப்பதா, பொதுவில் சேர்ப்பதா என்ற இடத்தில்தான் பாதை பிரிந்தது. 1959-ல் நடந்தது அத்தனைக்கும் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

அதற்கு முன் கடனைப் பற்றிப் பேசியாக வேண்டும். செட்டிநாட்டிலிருந்து எழுதுகிறவன் அதைத் தாண்டிப் போனால் நேர்மையாகாது.

உலகப் பெருமந்தம் 1930-ல் நெல் விலையைப் பாதியளவுக்குச் சாய்த்தது. விலை சாய்ந்தது, வட்டியும் நிலவரியும் சாயவில்லை. தெலுங்கு நாட்டிலும் தமிழ் நாட்டிலும் உழவர்கள் மூழ்கினார்கள். அதே நேரத்தில், கடலுக்கு அப்பால், நம் ஊர்களிலிருந்து கொண்டுவிக்க, அதாவது பொருள் ஈட்டப் போன செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளின் பேரேட்டிலும் அதே சரிவு எழுதப்பட்டது. கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930-ல் செட்டியார்களின் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1938-ல் அது கால் பங்கானது. எட்டே ஆண்டுகளில் அவ்வளவு நிலம். அதை அவர்கள் விரும்பி வாங்கவில்லை. கொடுத்த பணம் பணமாகத் திரும்ப வேண்டும் என்பதே லேவாதேவிக்காரரின் கணக்கு. நிலம் முடங்கிப்போன முதல். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் எதற்கு? 1948-ல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் வருமானம் நின்றதன் பின்னணியில் அந்தச் சட்டமும் உண்டு.

ரங்காவின் விவசாய இயக்கம் 1930களில் எழுப்பிய முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று கடன் நிவாரணம். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார் (முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுவே பெயர்). மறு ஆண்டே சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. அந்தக் காலத்துக்கு இது சாதாரணச் சட்டமன்று. கடன் கொடுத்துப் பிழைத்த செட்டிநாட்டுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சட்டத்தின் கண்ணில் விவசாயி என்பவன் நிலத்தில் ஏதாவது ஓர் உரிமை உடையவன். உரிமையே இல்லாமல் கூலிக்கு நாற்று நட்டவள் அதில் வரமாட்டாள்.

எழுபது ஆண்டு கழித்து, 2008 பிப்ரவரி 29 அன்று, ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை மக்களவையில் அறிவித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினர். கடன் கொடுத்தவர்களின் சீமையிலிருந்து போனவர் கடனைத் தள்ளுபடி செய்தார். இதை எண்ணும்போதெல்லாம் இந்த மண்ணின் வரலாறு எவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறது என்று வியக்கிறேன்.

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு ரங்கா தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுபான்மையினர் பாதுகாப்பு பற்றிப் பேச்சு நடந்தபோது, இந்நாட்டின் உண்மையான சிறுபான்மையினர் ஏழை எளிய பொதுமக்களே என்று அவர் வாதிட்டார். எண்ணிக்கையில் பெரும்பான்மை, அதிகாரத்தில் சிறுபான்மை என்ற அந்தப் பார்வை கிராமத்திலிருந்து வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்கள் அதன்வழி அரசின் கைக்கு வந்தன. மேல்வாரம் ஒழிந்தது, குடிவாரக்காரர்கள் பட்டாதாரர்கள் ஆனார்கள். கண்மாய்களில் ஆயக்கட்டு பெரியவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. வெங்கடகிரியில் ரங்கா தொடங்கிய சண்டை செட்டிநாட்டில் ஒரு காகிதமாக வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1951-ல் ஆந்திரக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சஞ்சீவ ரெட்டியிடம் தோற்றபின் ரங்கா கட்சியை விட்டு வெளியேறினார். இதில் பெரிய தத்துவம் எதையும் தேட வேண்டாம். பதவிப் போட்டியும் குழுச் சண்டையும் இருந்தன. அவர் தொடங்கிய கிருஷிகார் லோக் கட்சி 1952-ல் பழைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 15 இடங்கள் பெற்றது. 1955-ல் ஆந்திரத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தடுக்கக் காங்கிரஸோடு கூட்டணி சேர்ந்து, பிறகு அதிலேயே கரைந்தது. 1957-ல் தெனாலியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக மக்களவைக்குப் போனார்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நில உச்சவரம்பு, அதாவது ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு எல்லை விதிப்பது, வருங்கால வேளாண்மை கூட்டுறவுக் கூட்டுப்பண்ணையாக இருப்பது. நிலத்தை ஒன்றாகச் சேர்த்து உழுவார்கள். உரிமை காகிதத்தில் இருக்கும், விளைச்சலில் பங்கு கிடைக்கும். நேருவின் நோக்கத்தில் எனக்கு ஐயம் இல்லை. துண்டு துண்டான நிலத்தில் இயந்திரமும் நீரும் உரமும் போய்ச்சேராது என்பது உண்மையான கவலை. ஆனால் ரங்காவுக்கு அந்தத் தீர்மானம் வேறு மாதிரி கேட்டது. ஜமீன்தாரிடமிருந்து மீட்ட வரப்பை இப்போது அரசாங்கம் அழிக்கப்போகிறது. மேலே உட்கார்ந்து மேல்வாரம் வாங்கப்போவது இனி அதிகாரி. உத்தரப் பிரதேசத்தில் சரண் சிங் காங்கிரஸுக்குள் இருந்தே எதிர்த்தார். ரங்கா வெளியே வந்தார். 1959 ஜூன் மாதம் சென்னையில் ராஜாஜி, மினு மசானி ஆகியோருடன் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது.

முப்பதாண்டு அரசியலின் சிக்கல் முழுவதும் இங்கே முடிச்சாக விழுகிறது. வரப்பைக் காக்க வந்த கட்சிக்குப் பணமும் வாக்கும் யாரிடமிருந்து வந்தன? பீகாரில் ராம்கர் ராஜா, இராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பம்பாயில் தொழிலதிபர்கள். வெங்கடகிரி ராஜாவை எதிர்த்துச் சிறை சென்றவருக்குப் பக்கத்து நாற்காலியில் ராஜாக்கள். சொத்துரிமை என்ற ஒற்றைக் கயிறு இரண்டு ஏக்கர்க்காரனையும் இரண்டாயிரம் ஏக்கர்க்காரனையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது. ரங்கா முன்னவனை நினைத்துப் பேசினார். கட்சியை நடத்தியவர்களில் பலர் பின்னவர்கள். இது அவருடைய பெரிய பிழை என்றே கருதுகிறேன். சிறு உழவனின் வாதத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பெருநிலக்காரர்களின் குடைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியபோது, கேட்பவர்களுக்குக் குடை மட்டுமே தெரிந்தது.

காரைக்குடி ஏன் அந்தக் கட்சிக்கு வாக்களித்தது? சா. கணேசனின் சொந்தச் செல்வாக்குக்கே முதல் இடம். தேசப் போராட்டத்திலும் தமிழிலும் அவர் சம்பாதித்த மதிப்பு எந்தக் கட்சிச் சின்னத்தையும்விடப் பெரிது. அதோடு, பர்மாவில் அரசு எடுத்துக்கொண்ட நிலத்தின் நினைவும், எதற்கும் அரசின் அனுமதி கேட்க வேண்டிய ஆட்சியைச் சாடி ராஜாஜி சொன்ன 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்ற சொற்றொடரும் வணிக ஊருக்கு எளிதில் ஒட்டின. ஆக, நிடுப்ரோலு உழவனின் அச்சமும் காரைக்குடி வணிகரின் இழப்பும் ஒரே நட்சத்திரச் சின்னத்துக்குக் கீழே சந்தித்தன. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது.

ரங்காவின் நாடாளுமன்ற வாழ்க்கையில் மிகக் கடுமையான சண்டை பதினேழாவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி நடந்தது. பின்னணி இது. 'எஸ்டேட்' எனப்படும் ஜமீன் நிலங்களை எடுக்கும் சட்டங்களுக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருந்தது. ரயத்துவாரி நிலம் 'எஸ்டேட்' ஆகாது என்று 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் கூறிவிட்டது. தமிழ்நாட்டில் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு விதித்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. எனவே 'எஸ்டேட்' என்ற சொல்லின் பொருளையே விரித்து ரயத்துவாரிப் பட்டாவையும் அதற்குள் சேர்க்கத் திருத்தம் வந்தது. பட்டாதாரரை ஜமீன்தாரோடு ஒரே பெட்டியில் போடுகிறீர்கள் என்பது சுதந்திராக் கட்சியின் வாதம். 1964 ஏப்ரலில் போதிய வாக்கு இல்லாமல் மசோதா தோற்றது. மே மாதம் நேரு மறைந்தார். ஜூனில் சிறப்புக் கூட்டத்தில் அது நிறைவேறியது.

தோற்ற சண்டை என்று இதை எழுதிவிட முடியாது. அதே திருத்தத்தில் ஒரு காப்பு வாசகமும் இடம்பெற்றது. ஒருவர் தாமே பயிரிடும் நிலம் உச்சவரம்புக்குள் இருந்தால், சந்தை விலைக்குக் குறையாத இழப்பீடு தராமல் அரசு அதை எடுக்க முடியாது. 1978-ல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும் அந்த வாசகம் 31-அ பிரிவில் அப்படியே நிற்கிறது. சிறு உழவனுக்கு மட்டும் அரசியல் சட்டம் தந்திருக்கும் தனி வேலி அது. அதை அறிந்த விவசாயிகள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

சுதந்திரா 1962-ல் மக்களவையில் 18 இடங்களும் 1967-ல் 44 இடங்களும் பெற்றது. ரங்கா 1962-ல் தெனாலியை இழந்து சித்தூர் இடைத்தேர்தல் வழியாக உள்ளே வந்தார். 1967-ல் ஸ்ரீகாகுளம் அவரை அனுப்பியது, 1971-ல் கைவிட்டது. கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. அதன்பின் அவர் இந்திரா காந்தியின் காங்கிரஸில் சேர்ந்தார். உச்சவரம்பை எதிர்த்துக் கட்சி கண்டவர், அதே ஆண்டுகளில் உச்சவரம்பை இறுக்கிய கட்சிக்குத் திரும்பினார். நேர்கோடு என்று மேலே எழுதினேன். இந்த இடத்தில் கோடு வளைகிறது, அதை நிமிர்த்திக் காட்ட என்னால் முடியவில்லை. கூட்டுப்பண்ணைத் திட்டம் அதற்குள் அரசாங்கத்தின் கையிலேயே நீர்த்துப்போயிருந்தது. எதிர்த்த பொருளே இல்லாதபோது எதிர்ப்பதற்கான கட்சி எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். என்றாலும் ஒரு விளக்கம் வேறு, ஒரு நியாயம் வேறு.

குண்டூர் அவரை 1980, 1984, 1989 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெற்றிபெற வைத்தது. 1984 டிசம்பர்த் தேர்தலைத் தனியாகச் சொல்ல வேண்டும். என்.டி. ராமராவின் அலையில் ஆந்திரத்தின் 42 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை ஆறுதான். அந்த ஆறில் ஒருவர் 84 வயது ரங்கா. 1991-ல் பத்ம விபூஷண் வந்தது. 1995 ஜூனில் மறைந்தார். ஆந்திர வேளாண் பல்கலைக்கழகம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் இளமையில் விரும்பிய அரசுக்கு 'ரைத்து கூலி ராஜ்யம்' என்று பெயர் வைத்தார். ரைத்து என்றால் நிலம் உள்ள உழவன். கூலி என்றால் நிலம் இல்லாதவன். இருவருக்கும் நலன் ஒன்றே என்று அவர் உறுதியாக நம்பினார். வரிக்கும் வட்டிக்கும் ஜமீனுக்கும் எதிராக நின்றபோது ஒன்றாகத்தான் இருந்தது. பட்டா வந்தபின் இருவரும் இரண்டாகப் பிரிந்தார்கள். ரங்கா ரைத்தோடு போனார். கூலிக்காக அவர் பேசாமல் இல்லை, ஆனால் கட்சியை உடைக்கும் அளவுக்கு அவரைக் கொதிக்க வைத்தது எப்போதும் ரைத்தின் வரப்புதான்.

செட்டிநாட்டில் இது வெறும் வரலாறன்று. பட்டாதாரர்களில் பலர் சென்னையிலோ, கோலாலம்பூரிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். கண்மாய்க்குக் கீழே உள்ள நஞ்சையை உழுகிறவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறார். பேச்சு வாயோடு சரி, எழுத்து கிடையாது. குத்தகைதாரரைக் காக்க 1955-ல் சட்டம் வந்தது. அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் இன்னொரு சட்டம் வந்தது. பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். பெயரைக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்று உழுகிறவர் அஞ்சுகிறார். 2019-ல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. தகுதி, நிலம் அவர் பெயரில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்து மடையில் தண்ணீர் வராத ஆண்டிலும் அந்தத் தவணை பட்டாவில் உள்ள பெயருக்கு வந்துவிடுகிறது. மடையோரம் நிற்பவர் வேறொருவர்.